தாய்மாரின் இரத்தப்போக்கு: வயது மட்டுமா காரணம்?

40 வயதைக் கடந்த தாய்மாருக்கு மாதவிடாய் முந்தியும் பிந்தியும் வருவதுண்டு. சில மாதங்களில் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறாது. அப்போது புரோஜெஸ்தரோன் போதாமல் கருப்பையின் உட்சுவர் தடித்து, ஒழுங்கின்றி உதிர்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் வயதின்மேல் போட்டுவிடலாகாது. கருப்பைக் கட்டியும் புற்றுநோயும் இவ்வாறே வெளிப்படலாம். 7 நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, இடையில் கசிந்தாலோ, 12 மாதங்கள் நின்றபின் சிறிதளவு பட்டாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இதில் வெட்கமில்லை. பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) தமது தொடர் உதிரப்போக்கைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே கேட்டுத் தெளிவு பெற்றார். கொத்மலையில் கொழுந்து பறிக்கும் தாயும் குடும்பநல உத்தியோகத்தரிடம் தயங்காது கூறலாம். 1996இல் இலங்கையில் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்கில், நோய்க்குறி இல்லாவிடினும் 35, 45 வயதில் கருப்பைக் கழுத்தை இலவசமாகப் பரிசோதிக்கலாம்.

தோழியரே, உம்மாவின் தீராக் களைப்புக்கு இரத்தச்சோகையும் காரணமாகலாம். இன்றே கேட்டுப் பாருங்கள்.