கம்பிச்சுருளும் மனச்சோர்வும்

ஒன்பதாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் பாடம். காந்தத்தைக் கம்பிச்சுருளுக்குள் நுழைத்து எடுத்தால் கால்வனாமீட்டரின் முள் அசைகிறது. அசையாமல் வைத்திருந்தால் முள்ளும் அசைவதில்லை. 1831இல் ஃபாரடே கண்டது இதுதான். பயன்கள் என்று மின்னியற்றி, மின்மாற்றி இரண்டையும் கரும்பலகையில் எழுதுவது வழக்கம். இந்த ஆண்டு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: மனச்சோர்வுக்கான காந்தத் தூண்டல் சிகிச்சை. சுருக்கமாக டி.எம்.எஸ்.

தலையின்மேல் வைக்கும் கம்பிச்சுருளை முதன்மைச் சுருள் என்று கொண்டால், துணைச்சுருளின் இடத்தில் இருப்பது மூளை. சுருளில் நொடியின் மிகச் சிறு பகுதிக்கு மட்டும் மின்னோட்டம் பாய்கிறது. மாறும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து நரம்புச் செல்களைத் தூண்டுகிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் இதைச் செய்தபோது கைத்தசைகள் தாமாகத் துடித்தன. மனச்சோர்வு சிகிச்சைக்கு அமெரிக்கா 2008இல் அனுமதி தந்தது.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தயங்கி நின்றாள். "டீச்சர், எங்க அம்மா எப்பவும் படுத்தே இருக்காங்க. பாட்டி சோம்பேறின்னு திட்டுறாங்க. ஸ்கேன் எடுத்தா தெரியுமா?"

உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

தொடக்கத்தில் சுருளை வைக்கும் இடத்தைக் கண்டறிய, கட்டைவிரல் துடிக்கும் புள்ளியிலிருந்து 5 செ.மீ. முன்னே அளந்தார்கள். எல்லாத் தலையும் ஒரே அளவா என்ன! மேலும், மனநிலையோடு தொடர்புடைய ஒரு முக்கியப் பகுதி மூளையின் ஆழத்தில் இருக்கிறது. காந்தப்புலமோ சில சென்டிமீட்டருக்குமேல் வலுவாக எட்டாது. ஆகவே அதனோடு இணைப்புள்ள மேற்பரப்புப் புள்ளியைத் தூண்ட வேண்டும். அந்தப் புள்ளி ஆளுக்கு ஆள் மாறும். இரத்த ஆக்சிஜன் மாற்றத்தைக் கொண்டு மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படம் இங்கேதான் உதவுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே படமெடுத்து, புள்ளியைக் குறித்து, நாளுக்கு 10 அமர்வுகள் வீதம் 5 நாளில் சிகிச்சையை முடித்தனர். இம்முறைக்கு 2022இல் அங்கே அனுமதி கிடைத்தது.

2023இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. உடலின் உணர்வுகளைத் திரட்டும் இன்சுலாவிலிருந்து, உணர்ச்சிகளோடு தொடர்புடைய முன் சிங்குலேட் பகுதிக்குச் சமிக்ஞை செல்வது இயல்பு. மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது எதிர்த்திசையில் ஓடியது. சிகிச்சைக்குப் பின் திசை திரும்பியது, சோர்வும் குறைந்தது.

ஆனால் மாணவியின் கேள்விக்குப் பதில் 'தெரியாது' என்பதே. மீதி கால்வாசிப் பேருக்குத் திசை மாறவில்லை. அவர்களுக்கும் நோய் இருந்தது. மனச்சோர்வைக் கண்டறிவது மருத்துவர், பேசிப் பார்த்து. முதலில் மாத்திரையும் ஆலோசனையும்தான். பொதுவாக அவை பலனளிக்காதவர்களுக்கே டி.எம்.எஸ். (நாமோ மன அழுத்தம், மனச்சோர்வு இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறோம். முன்னது தேர்வு முடிந்தால் போய்விடலாம்.)

அடுத்த வாரம் பாட்டியே பள்ளிக்கு வந்தார். அவருக்கு ஒரு தாளில் இரண்டு வட்டமும் ஓர் அம்புக்குறியும் வரைந்து, இது மூளையைப் பிடிக்கும் நோய், சோம்பல் அல்ல என்றேன். தாளை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, "பெரியாஸ்பத்திரியில எந்தக் கிழமை வரணும் டீச்சர்?" என்று கேட்டார்.