ஈறு இறங்குவது ஏன்?

வயதானால் பல் நீண்டுவிடும் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. உண்மையில் பல் நீள்வதில்லை. அதைப் பற்றியிருந்த ஈறு இறங்கி, மறைந்திருந்த வேர் வெளியே தெரிகிறது.

பல்லின் தலைப்பகுதியை எனாமல் என்னும் கடினமான உறை மூடியிருக்கிறது. வேருக்கு அந்தக் காப்பு இல்லை. அதன்மேலுள்ள மெல்லிய பூச்சு எளிதில் தேய்ந்துவிடும். அதனால்தான் குளிர்ந்த நீர் பட்டவுடன் பல் கூசுகிறது.

முதற்காரணம் காறை. பல்லில் படியும் அழுக்கை நாள்தோறும் நீக்காவிட்டால், எச்சிலிலுள்ள சுண்ணாம்புச்சத்து சேர்ந்து அது கல்லாக இறுகும். அங்கே பெருகும் கிருமிகளால் ஈறு வீங்கும். துலக்கும்போது இரத்தம் கசியும். கவனியாது விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உடையோர்க்கு இது விரைவில் முற்றும்.

அளவுமீறிய தேய்ப்பும் ஒரு காரணம் என்பதைப் பலர் அறியார். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் முரட்டு பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்போரும், செங்கற்பொடி, அடுப்புக்கரி கொண்டு விளக்குவோரும் பல்லைப் பாத்திரமாக எண்ணிவிட்டார்கள் போலும்!

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்ப்போருள் சிலர் தூக்கத்தை விரட்டப் புகையிலையைக் கன்னத்தில் அடக்குவர். அடக்கிய இடத்திலேயே ஈறு இறங்கும், வாய்ப்புற்றும் வரக்கூடும். பீடியும் சிகரெட்டும் இன்னும் வஞ்சகமானவை. அவை ஈறுகளின் இரத்தவோட்டத்தைக் குறைப்பதால், நோய் இருந்தும் இரத்தம் அதிகம் கசியாது. ஆகவே பல் ஆடும்வரை நோய் தெரிவதில்லை. மாணவிகள் இதை வீட்டில் தந்தையிடமும் அண்ணனிடமும் தயங்காமல் சொல்லவேண்டும்.

இறங்கிய ஈறு தானாக ஏறாது. எந்தப் பற்பொடியும் அதை வளர்க்காது. மேலும் இறங்காமல் தடுக்கலாம். மருத்துவர் காறையைச் சுரண்டி எடுப்பார். "சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்று தாய்மார் அஞ்சுகின்றனர். எலும்பு முன்பே கரைந்திருக்கும். காறை அதைச் சாந்துபோல் மறைத்திருக்கும், அவ்வளவே. வேர் மிகுதியாகத் தெரிந்தால் மேலண்ணத்திலிருந்து சிறிது தசை எடுத்து ஒட்டும் அறுவை சிகிச்சையும் உண்டு. 1953இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தின் அருகே உள்ளன.

வீட்டில் மென்மையான பிரஷ் போதும். அதைப் பேனாவைப் போல் இலேசாகப் பிடித்து, ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கி, காலையிலும் இரவு உறங்குமுன்னும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். பிரஷ்ஷின் நார் விரிந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.