நரித்தோல் வியாபாரி ஊலாவ் தூன்

நமது சங்கத்தின் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அவ்வப்போது வணிகர்களின் வரலாற்றைச் சொல்லி வருகிறேன். பெற்றோர் சிலர் விரும்பிக் கேட்டதால் அவற்றுள் ஒரு பாடத்தை இங்கே எழுத்தில் தருகிறேன். இது நார்வே நாட்டு ஊலாவ் தூன் என்பவரைப் பற்றியது.

1923ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று ஹாலிங்டால் என்னும் மலைப் பள்ளத்தாக்கில் உள்ள ஓல் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் தூன். ஆஸ்லோவையும் பெர்கனையும் இணைக்கும் ரயில் பாதை 1909 முதல் அவ்வூர் வழியாகத்தான் செல்கிறது. அக்காலத்து நார்வேயில் ரோமத்துக்காக வெள்ளி நரி வளர்ப்பது பெரிய தொழில். ஐரோப்பியச் சீமாட்டிகள் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் நரித்தோலுக்கு நல்ல விலை கிடைத்தது. சிறுவன் தூன் வியாபாரம் பழகியது இந்த நரித்தோலில்தான். பிறகு ஆஸ்லோ நகருக்கு வந்தார். 1940 ஏப்ரல் முதல் 1945 மே வரை நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. படிக்க நினைத்தவர் தோல் வணிகரானார்.

தோலில் கிடைத்த லாபத்தைக் கட்டடத்தில் போட்டார். நகரின் நடுவில் ஒரு கட்டடத்தை வாங்குவார். கடைகளுக்கு வாடகைக்கு விடுவார். அதையே ஈடு வைத்து அடுத்ததை வாங்குவார். இதில் வித்தை என்ன என்று ஒரு பையன் கேட்டான். நார்வேயில் 1970களிலும் 80களின் முற்பகுதியிலும் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. வட்டியோ அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. வட்டிக்கு வரிச்சலுகையும் உண்டு. ஆக, கடன் தானாகவே கரைந்தது, கட்டடத்தின் மதிப்பு ஏறியது. அந்த வழியில் போனவர்கள் பலர். ஆனால் 1988 தொடங்கி நிலம், கட்டட விலைகள் சரிந்தன. 1991இல் நாட்டின் பெரிய வங்கிகளையே அரசு ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது. கடன் வாங்கி எழும்பியவர்களில் பலர் அத்துடன் விழுந்தார்கள். தூன் நின்றார். வாங்கியதை விற்று லாபம் பார்ப்பதைவிட வைத்திருந்து வாடகை வாங்குவதே அவர் வழக்கம். நம்மில் வீடு வாங்கி விற்கும் ஆசை கொண்ட அன்பர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்!

பின்னர் பேரங்காடிகள் வந்தன. ஆஸ்லோவுக்கு அருகில் உள்ள சாண்ட்விக்காவில் இருக்கும் மிகப் பெரிய அங்காடி அவர் நிறுவனத்துடையது. எல்லை தாண்டி ஸ்வீடனில் ஸ்ட்ரோம்ஸ்டாட் அருகே இன்னொன்று இருக்கிறது. நார்வேயில் மதுவுக்கும் புகையிலைக்கும் தீர்வை அதிகம்; உணவுப் பொருளும் விலை கூடுதல். அதனால் நார்வேக்காரர்கள் கார் ஏறி அங்கே போய் மிட்டாயும் பன்றி இறைச்சியும் மூட்டை கட்டி வருகிறார்கள். அவர்கள் செலவிட்ட பணத்தில் ஒரு பங்கு வாடகையாக மீண்டும் ஆஸ்லோவுக்கே வந்து சேரும். ஹோட்டல்களும் உண்டு. 2005 முதல் அவை தூன் ஹோட்டல்கள் என்ற பெயரில் நடக்கின்றன, பிரஸ்ஸல்ஸிலும் இருக்கின்றன.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட முடியாது. ஊருக்கு வெளியே பேரங்காடி எழுந்தால் ஊருக்குள் இருக்கும் சின்னக் கடைகள் மூடிப்போகின்றன. இந்தக் கவலையால் 1999இல் நார்வே அரசு நகர மையங்களுக்கு வெளியே புதிய பெரிய அங்காடிகள் கட்டுவதை ஐந்தாண்டுக் காலத்துக்கு நிறுத்தி வைத்தது. தூன் போன்றவர்களின் வளர்ச்சிக்கு இப்படி ஒரு விலையும் இருந்தது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆளைப் பார்த்தால் கோடீசுவரர் என்று தோன்றாது. சிவப்புக் கம்பளிக் குல்லாயும் மலையேறுவோர் போடும் மேலங்கியும்தான் அவர் அடையாளம். நடப்பதும் பனிச்சறுக்குவதும் காட்டில் திரிவதும் அவருக்கு விருப்பமானவை. நார்வேயில் யாருடைய காடானாலும் மேடானாலும் எவரும் நடந்து போக உரிமை உண்டு. அந்த உரிமைக்குச் செல்வர், ஏழை என்ற பேதம் இல்லை.

இனி பாடத்தின் முக்கியமான பகுதி. தூனுக்குப் பிள்ளைகள் இல்லை. 2013 டிசம்பரில், தொண்ணூறு வயதில், தம் தொழில் நிறுவனம் முழுவதையும் ஊலாவ் தூன் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். அன்றைய மதிப்பில் சுமார் 2,500 கோடி குரோனர் என்று செய்தி வந்தது. அவர் பணத்தை எடுத்து வழங்கவில்லை, கம்பெனியின் உரிமையையே வழங்கினார். இந்த வேறுபாட்டை விளக்கத்தான் எனக்கு வகுப்பில் அதிக நேரம் பிடித்தது.

நார்வே சட்டப்படி அறக்கட்டளைக்கு உரிமையாளர் என்று எவரும் கிடையாது. ஒரு நிர்வாகக் குழு நடத்தும். அரசின் மேற்பார்வை உண்டு. கொடுத்தவர் மனம் மாறினாலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. கட்டடங்கள் வழக்கம்போல் வாடகை ஈட்டும். லாபத்தில் ஒரு பகுதி தொழிலிலேயே தங்கும், ஒரு பகுதி பொதுநலத்துக்குப் போகும். டென்மார்க்கில் கார்ல்ஸ்பர்க் மதுபான ஆலைக்கு 1876இலேயே இப்படி ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. பம்பாயில் இருக்கும் நமக்கு அருகிலேயே உதாரணம் உண்டு: டாடா சன்ஸ் பங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு டாடா அறக்கட்டளைகளின் கையில்தான் இருக்கிறது.

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. என் தாத்தா ஊரில் நடத்திய மளிகைக் கடையை அவருக்குப் பின் நான்கு பாகமாகப் பிரித்தார்கள். நான்கு பாகத்தில் ஒன்றிலும் கடை நடக்கவில்லை. பங்கு பிரிந்தது, தொழில் போயிற்று. தூன் அஞ்சியதும் இதைத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் செய்த ஏற்பாட்டில் கம்பெனி துண்டாகாது, வேலை பார்ப்பவர்களும் ஒரே நாளில் புது முதலாளியிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

‘அப்படியானால் அந்தக் குழுவினர் கெட்டவர்களாக இருந்தால்?’ என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. உரிமையாளர் இல்லாத இடத்தில் தட்டிக்கேட்பவரும் குறைவு. அதற்காகத்தான் மேற்பார்வை அலுவலகம். அது போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு என்றுதான் பதில் சொன்னேன்.

அறக்கட்டளை மருத்துவம், இயற்கை அறிவியல் ஆராய்ச்சிகளுக்குப் பரிசு தருகிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று: பல்கலைக்கழகங்களில் சிறப்பாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் தனியே பரிசு உண்டு. ஆராய்ச்சிக்குப் பரிசு கொடுப்போர் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள். வகுப்பறையில் நன்றாகச் சொல்லித் தருபவரைத் தேடிக் கொடுப்போர் சிலரே.

2024 நவம்பர் 16 அன்று, தம் 101ஆம் வயதில் தூன் காலமானார். அவருடைய கட்டடங்களும் ஹோட்டல்களும் அப்போது பதினோரு ஆண்டுகளாக அறக்கட்டளையின் வசம் இருந்தன.