கைத்தொலைபேசியின் மின்கலம்: பழியும் பரிசோதனையும்

எம் கல்லூரியின் பழைய மாணவருட் பலருடைய இல்லங்களில் இன்று ஒரு பிள்ளையாவது கடல் கடந்து வாழ்கின்றது. கடிதம் எழுதிவிட்டு வாரக்கணக்கிற் காத்திருந்த காலம் போய், கைத்தொலைபேசியே பெற்றாரையும் மக்களையும் பிணைக்குங் கயிறாகிவிட்டது. அக்கயிறு அறுந்த வேளைகளிலெல்லாம் "பற்றறி பழுது" என்று கூறி அமைதல் எம்மவர் வழக்கம். நோய் பலவாயினும் அவர் இடும் பெயர் ஒன்றே. அப்பழி உண்மையிற் சாரவேண்டிய இடம் எது, அதனை வீட்டிலிருந்தே எங்ஙனம் ஆராய்ந்தறியலாம் என்பவற்றை மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

எமக்கு அறிமுகமான இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் மனைவியாருடன் தனித்து வாழ்பவர். மைந்தர் இருவருள் ஒருவர் இலண்டனிலும் மற்றவர் ரொறன்ரோவிலும் உள்ளனர். இரவு முழுவதும் மின்னேற்றியிற் கிடந்த தொலைபேசி காலையில் உயிரற்றுக் கிடத்தல் அவருக்கு வழமையாயிற்று. மனைவியார் சுகவீனமுற்றிருந்த கிழமையில் இரண்டு நாள் தொடர்பு அறுந்துபோக, ரொறன்ரோவிலுள்ள மைந்தர் கலங்கி, அயல்வீட்டாரை நள்ளிரவில் எழுப்பித் தந்தையாரின் நிலையைப் பார்த்துவர வேண்டினார். மறுநாளே ஆசிரியர் கடையொன்றுக்குச் சென்று புதிய மின்கலம் இடுவித்தார். பணம் போயிற்று, பிழை போகவில்லை. "தம்பி, பற்றறி புத்தம் புதுசு. காலமை பாத்தா செத்துக் கிடக்குது" என்று சொல்லிக்கொண்டு எம்மிடம் வந்தார். அவர் தொலைபேசிக்கு நேர்ந்தது யாதென்பதைப் பின்னர்க் கூறுவாம். அதற்கு முன் மின்கலத்தின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

இற்றைநாட் கைத்தொலைபேசிகளிற் பயன்படுவது இலித்தியம் அயன் கலமாகும். 1980ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டிற் பணியாற்றிய யோன் குடினஃப் என்பார் இலித்தியங் கோபாற்றொட்சைட்டு நேர்மின்வாய்க்கு ஏற்றதெனக் காட்டினார். யப்பானிய விஞ்ஞானி அக்கிரா யொசினோ 1985இற் கரிப்பொருளை எதிர்மின்வாயாகக் கொண்ட கலத்தை அமைத்தார். 1991இற் சோனி நிறுவனம் இவ்வகைக் கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. இவ்விருவருக்கும், இவர்களுக்கு முன்னே 1970களில் வழி திறந்த ஸ்ரான்லி விற்றிங்காமுக்கும் 2019ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபெற் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இன்றைய கலங்களில் எதிர்மின்வாய் பெரும்பாலுங் காரீயத்தால் ஆயது. போகலையிலும் கஹட்டகஹவிலும் வெட்டியெடுக்கப்படும் காரீயத்தைப் புவியியற் பாடத்திற் படிக்கும் மாணவர், அவ்வினப் பொருளே தம் தொலைபேசியினுள்ளும் இருப்பதை அறிந்து மகிழலாம்.

மின்னேற்றும்போது இலித்தியம் அயன்கள் நேர்மின்வாயை விட்டு நீங்கிக் காரீயப் படைகளுக்கிடையே புகுந்து தங்குகின்றன. சிறுவர் புத்தக ஏடுகளிடையே மயிலிறகு வைப்பதை ஒக்கும் இது. தொலைபேசி இயங்கும்போது அவை வந்த வழியே மீளுகின்றன. ஏட்டிடையே இறகை வைத்தும் எடுத்தும் வர ஏடு நைதல்போலக் கலமும் நைகின்றது. காரீயத்தின் மேற்பரப்பில் மெல்லிய படலமொன்று தடித்துக்கொண்டே போய், இலித்தியத்திற் சிறிது சிறிதாகச் சிறைப்படுத்திவிடுகின்றது. வெப்பம் இத்தேய்வை விரைவாக்கும். முழுதாக மின்னேறிய நிலையில் வெப்பமுஞ் சேர்ந்தால் தேய்வு மிக விரையும்.

கலத்தின் மின்னழுத்தம் சராசரி 3.7 உவோற்று அளவினது. நிறைந்தபோது 4.2 உவோற்று, புதிய வகைகள் சிலவற்றில் இன்னுஞ் சற்று மேல். வெறுமையானபோது 3 உவோற்றை அணுகும். மின்னேற்றல் இரு கட்டமாக நிகழும். முதற்கட்டத்தில் ஓட்டம் மாறாதிருக்க அழுத்தம் உயரும். உச்ச அழுத்தம் எய்தியபின் அழுத்தம் மாறாதிருக்க ஓட்டம் படிப்படியாய்க் குறையும். பானைக்கு நீர் வார்ப்பவன் விளிம்பை அணுகும்போது கையைத் தளர்த்துவான் அன்றோ? அவ்வாறே நூற்றுக்கு எண்பதைத் தாண்டியபின் மின்னேற்றம் மந்தமாகும். இதனைப் பழுதென்று முறையிடுவார் பலர். இது பழுதன்று; காவல்.

பழைய பழக்கங்கள் இங்கே எமக்கு இடையூறாகின்றன. 1990ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றியிருந்த காலத்தை அறிந்த பழைய மாணவர், சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதையும், கிடைத்தற்கரிய உலர்மின்கலங்களை வெயிலிற் காயவைத்து இன்னும் ஓர் இரவுச் செய்திக்கு அவற்றை எழுப்பியதையும் மறந்திரார். வெப்பத்தால் உலர்மின்கலத்தின் இரசாயனத் தாக்கம் சற்று விரைவது உண்மையே. இலித்தியம் அயன் கலத்துக்கோ வெயில் நஞ்சாகும். சூழல் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு மேற்படாதிருத்தல் நன்று. சித்திரை வெயிலிற் பூட்டிய மோட்டார் வண்டியினுள்ளும், தகரக் கூரையின் கீழும், மின்னேறும்போது தலையணையின் கீழும் தொலைபேசியை இடுவார் அதன் ஆயுளைத் தாமே குறைக்கின்றனர்.

முற்றாக இறங்கிய பின்னரே மின்னேற்றவேண்டும் என்பதும் அத்தகைய ஒரு பழைய விதியே. அது நிக்கல்-கதுமியக் கலங்களுக்குரியது. இலித்தியம் அயன் கலத்தை நாடோறும் வெறுமையாக்குதல் அதனை வருத்துவதாகும். இருபதுக்கும் எண்பதுக்கும் இடையே வைத்திருத்தல் அதற்கு உகந்தது. மீதி காட்டும் எண் பிறழ்ந்துவிட்டதென்று தோன்றினால் மட்டும், எப்போதேனும் ஒருமுறை முழுதாய் இறக்கி முழுதாய் ஏற்றலாம். அதுவும் கணக்கைத் திருத்துதற்கேயன்றிக் கலத்தைத் திருத்துதற்கன்று.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். ஆய்வுகூடத்தில் மாணவர்க்கு நாம் முதலிற் புகட்டும் விதி, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக என்பதாம். மின்னேற்றியையும் வடத்தையும் ஒருங்கே மாற்றினால், பிழை நீங்கினும் பிழைத்தது எதுவென அறியோம். சுவரிலுள்ள மின்வாயிலிலே தொடங்கி உள்நோக்கிச் செல்லுதலே முறை. மின்கலம் அவ்வரிசையிற் கடைசியில் நிற்பது. அதனை மாற்றுதலே செலவு மிக்கதும் ஆகும்.

சுவரின் மின்வாயிலில் வேறொரு கருவியைச் செருகிப் பார்க்க. வட்டமுளைச் செருகிகளும் சதுரமுளைச் செருகிகளும் கலந்து வழங்கும் எம் நாட்டு வீடுகளில், இடையே மாட்டும் பொருத்திகள் தளர்ந்திருத்தல் மிகச் சாதாரணம். இரவில் மின்விசிறியின் அதிர்விலேயே தொடுகை விட்டுப்போவதை நாம் கண்டிருக்கின்றோம். அடுத்து, அதே வடத்தோடு வேறொரு மின்னேற்றியைக் கொண்டு பார்க்க. அதன்பின் வடத்தை மாற்றிப் பார்க்க.

வடத்தைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். பிழைகளுட் பல அங்கேதான் கிடக்கின்றன. வடத்தினுட் செல்லும் செப்பிழை மெல்லியது. போய் மீளும் வழியின் மொத்தத் தடை 0.25 ஓம் எனக் கொள்வோம். 2 அம்பியர் ஓட்டம் செல்லும்போது ஓமின் விதிப்படி வடத்திலேயே 0.5 உவோற்று வீழ்ச்சியுறும். மின்னேற்றி தருவது 5 உவோற்று. தொலைபேசியை எய்துவது 4.5 உவோற்று. தொலைபேசி இதனை உணர்ந்து, தான் வாங்கும் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்னேறுவதாகத் திரையில் அடையாளந் தோன்றும். ஏறும் வேகமோ நத்தைக்குரியது. மலிவான நீண்ட வடத்தைக் கட்டிலடி வரை இழுத்து வைத்திருப்போர் இக்கணக்கை நினைவிற் கொள்க. வடம் செருகியைச் சேரும் கழுத்திடத்தில் மடிந்து மடிந்து இழைகள் அறுந்திருத்தலும் உண்டு. அசைக்கும்போது அடையாளம் மின்னி மறையுமாயின் அவ்வடம் குப்பைக்கே உரியது.

மின்னேற்றியின் வலுவையும் கணித்தறிதல் வேண்டும். 5000 மில்லியம்பியர்-மணிக் கலத்தின் சக்தி, 3.85 உவோற்றாற் பெருக்க, 19.25 உவாற்று-மணியாகும். கணினியின் பழைய வகைச் செருகுவாய் 5 உவோற்றில் 0.5 அம்பியர், அஃதாவது 2.5 உவாற்றே தரவல்லது. இழப்பேதுமில்லையெனினும் கலம் நிறைய 7.7 மணி நேரம் வேண்டும். இழப்பையுஞ் சேர்த்தால் ஒன்பது மணியை அணுகும். 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, மின்சாரம் வந்த சிறு பொழுதிற் கணினியிற் செருகிவைத்துவிட்டுப் "பற்றறி பிடிக்குதில்லை" என்று வருந்தியோர் இருந்தனர். கலம் செய்த குற்றம் யாது?

வடத்துக்கும் கலத்துக்கும் இடையே எஞ்சி நிற்பது தொலைபேசியின் செருகுவாய். எம் ஆசிரியரின் தொலைபேசியில் மின்வாயில், மின்னேற்றி, வடம் மூன்றும் குற்றமற்றவையெனக் கண்டபின் விளக்கொளியில் அச்சிறு துளையை நோக்கினோம். வடத்தின் செருகி இறுதிவரை உட்செல்லவில்லை. ஒரு நெல்மணியின் அகலத்துக்கு வெளியே நின்றது. தொலைபேசியை நிறுத்திவிட்டு, உலர்ந்த தென்னை ஈர்க்கின் நுனியால் ஓரங்களை மெல்லச் சுரண்டினோம். சட்டைப்பைத் துணியின் பஞ்சு, சாம்பல் நிறமாய்த் திரண்டு வெளிவந்தது. பஞ்சு சாம்பல் நிறமானது எங்ஙனம் என்று வியந்தபோது மனைவியார் சிரித்துவிட்டார். ஆசிரியர் திருநீற்றுப் பையையும் தொலைபேசியையும் ஒரே சட்டைப்பையில் வைப்பவராம். மாலையில் இறுக அழுத்திச் செருகியபோது தொடுகை ஏற்படும். இரவில் வடத்தின் பாரத்தால் அது தளரும். விடியுமுன் தொலைபேசி ஓய்ந்துவிடும். செலவு ஓர் ஈர்க்கு.

இவ்வேலையில் ஊசி முதலிய உலோகங்களைத் தொடவேண்டாம். அவை தொடுகைகளைக் கீறும், குறுஞ்சுற்றையும் ஏற்படுத்தும். சி வகைச் செருகுவாயின் நடுவே மெல்லிய நாக்கொன்று உண்டு. அதனை நெம்பினால் தொலைபேசிக்கே கேடு. கரையோர ஊர்களில் உப்புக்காற்றினாற் செருகுவாயிற் களிம்பு பிடித்தலும், மழைக்காலத்தில் ஈரம் நிற்றலும் உண்டு. ஈரமுண்டெனத் தொலைபேசி எச்சரித்தால் துளை கீழ்நோக்க வைத்துக் காற்றில் உலரவிடுக. அரிசிப் பானையுட் புதைத்தால் தவிட்டுத் தூசியும் உள்ளே புகும்.

மின்னேறுகின்றது, ஆயினும் விரைவில் தீர்கின்றது என்பது வேறொரு முறைப்பாடு. இதற்குத் தொலைபேசியின் அமைப்புப் பகுதியில் மின்கலம் என்னும் தலைப்பைத் திறந்து, எச்செயலி எவ்வளவு உண்டதென்று பார்த்தாற் போதும். கவனியாது விடப்படுங் காரணம் ஒன்றுண்டு. கோபுரத்தின் அலை நலிந்த இடத்திலே தொலைபேசி தன் குரலை உயர்த்திக் கூவவேண்டியிருக்கின்றது. உள்ளறையில் ஒரு கோடு மட்டுங் காட்டி இரவெல்லாம் கூவிய தொலைபேசி காலையிற் களைத்திருத்தல் இயல்பே. அதனை விறாந்தைப் பக்கத்து அறையில் வைத்துப் பார்க்க.

இவையனைத்தும் தீர்ந்தபின்னரும் பிழை நிற்குமாயின் மின்கலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். நூற்றுக்கு முப்பது மீதியிருக்கத் திடீரெனத் தொலைபேசி அணைதல் முதிர்ந்த கலத்தின் தெளிவான குறியாகும். முதுமையிற் கலத்தின் அகத்தடை ஏறுகின்றது. அது 0.2 ஓம் என்க. புகைப்படம் எடுக்கும் கணத்தில் 3 அம்பியர் இழுக்கப்படின் 0.6 உவோற்று உள்ளேயே வீழும், 3.7 உவோற்று 3.1 ஆகும், தொலைபேசி தன்னைக் காக்க அணைந்துவிடும். சற்றுப் பொறுத்து இயக்கினால் முப்பதே காட்டும். ஐபோன்கள் சிலவற்றில் இத்தகைய அணைவைத் தடுக்கவே, முதிர்ந்த கலமுடைய கருவிகளின் வேகத்தைக் குறைத்ததாக அப்பிள் நிறுவனம் 2017ஆம் ஆண்டு மார்கழியில் ஒப்புக்கொண்டது. முன்னரே சொல்லியிருக்கலாமே என்று பாவனையாளர் சினந்ததில் நியாயமுண்டு. தம் தொலைபேசி மந்தமாயிற்றென்று புதியதை வாங்கியவருள், புதிய மின்கலமே போதுமானவரும் இருந்தனர் அல்லரோ? இங்கே எம் ஆசிரியருக்கு நேர்ந்ததன் மறுதலையைக் காண்கின்றோம்.

அவசரத் தீர்ப்பின் கேட்டுக்குப் பெரியதோர் எடுத்துக்காட்டும் உண்டு. 2016ஆம் ஆண்டு ஆவணியில் வெளிவந்த சம்சுங் கலக்ஸி நோட் 7 தொலைபேசிகள் சில தீப்பற்றின. ஓரிடத்தில் ஆக்கப்பட்ட கலமே குற்றமுடையதெனக் கொண்டு, வேறோரிடத்திற் செய்த கலங்களுடன் மாற்றுத் தொலைபேசிகள் வழங்கப்பட்டன. அவற்றுட் சிலவுந் தீப்பற்ற, ஐப்பசியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2017 தையில் வெளியான ஆராய்ச்சி முடிவு, பிழைகள் இரண்டு எனக் காட்டியது: முதலாங் கலத்தின் மூலையில் மின்வாய் வளைந்திருந்தது, இரண்டாங் கலத்தில் உருக்கொட்டிய இடத்துப் பிசிறு நின்றது.

ஆதலால், பரிசோதனை வரிசையிற் கடைசியில் வைத்த மின்கலத்தை ஒரேயொரு சந்தர்ப்பத்தில் முதலில் வைத்தல் வேண்டும். முதுகு புடைத்தோ, திரை விளிம்பில் எழும்பியோ காணப்படின், உள்ளே வாயு திரண்டு கலம் வீங்கியதென்று அறிக. அப்போது ஆராய்ச்சி வேண்டாம். மின்னேற்றுதலை உடனே நிறுத்துக. அழுத்தவோ துளைக்கவோ முயலற்க. மணல் பரப்பிய தட்டொன்றில் வைத்து, எரியும் பொருள்களிலிருந்து விலக்கி, தேர்ந்த திருத்துநரிடம் ஒப்படைக்க.

எம் ஆசிரியரின் பழைய மின்கலத்தைக் கடைக்காரர் அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தார். அதனை அலுமாரி இழுப்பறையிற் சில்லறைக் காசுகளோடும் திறப்புக் கோவையோடும் அவர் போட்டுவைத்திருக்கக் கண்டு திடுக்குற்றோம். நெம்பிக் கழற்றியபோது ஓரம் நசுங்கியிருந்தது. ஆகவே, குற்றமற்றதாயினும் மீளப் பயன்படாது. அதன் முனைகளை ஒட்டுநாடாவால் மூடித் தனியே எடுத்துவைத்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற இலத்திரனியற் கழிவு சேகரிப்போரிடம் கொடுப்பித்தோம். திருநீற்றுப் பை இப்போது இடப்பக்கச் சட்டைப்பையிலும் தொலைபேசி மேசைமேலும் உள்ளன.