நாற்பது பிட் சாவி

அன்புள்ள வாசக நண்பருக்கு,

மளிகைக் கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுத ஒரு ஐபோன் ஆப் செய்தீர்கள். அதை ஏற்றும்போது, 'இதில் குறியாக்கம் உண்டா?' என்று ஆப் ஸ்டோர் கேட்டிருக்கிறது. கடன் நோட்டுக்கும் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஆப் போய் உட்காருவது அமெரிக்க சர்வரில். அங்கிருந்து வேறு நாட்டுக்காரரின் போனில் இறங்கினால், அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அது ஏற்றுமதி.

1996 வரை இது இன்னும் கடுமையாக இருந்தது. பீரங்கி, ஏவுகணையோடு குறியாக்க மென்பொருளும் அமெரிக்காவின் ஆயுதப் பட்டியலில் இருந்தது. ஃபில் ஸிம்மர்மன் என்பவர் 1991இல் பிஜிபி என்ற குறியாக்க மென்பொருளை இலவசமாகக் கொடுத்தார். அது இணையம் வழியே கடல் தாண்டிவிட்டது என்று 1993இல் அவர்மேல் குற்ற விசாரணை தொடங்கி, 1996 ஜனவரியில் வழக்கே போடாமல் கைவிட்டார்கள்.

1994இல் ஃபில் கார்ன் என்ற பொறியாளர், புரூஸ் ஷ்னையரின் 'அப்ளைடு கிரிப்டோகிராஃபி' புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று வெளியுறவுத் துறையைக் கேட்டார். தடையில்லை என்றார்கள். புத்தகத்தின் பின்பகுதியில் அச்சாகியிருந்த நிரல்களையே பிளாப்பியில் பதிந்து மறுபடி கேட்டார். அது ஆயுதம், உரிமம் வேண்டும் என்று பதில் வந்தது. தாளில் இருந்தால் எழுத்து, தட்டில் இருந்தால் ஆயுதம்! பிறகு பிஜிபி நிரலையே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களாக அச்சடித்து, சட்டப்படியே ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கே தொண்டர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, மீண்டும் மென்பொருளாக்கினார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

என்னைக் கோபப்படுத்துவது இன்னொன்று. நெட்ஸ்கேப் உலாவி அப்போது இரண்டு விதமாக வந்தது: அமெரிக்கருக்கு 128 பிட் குறியாக்கச் சாவி, மற்றவர்களுக்கு 40 பிட். ஒவ்வொரு பிட் கூடும்போதும் முயன்று பார்க்க வேண்டிய சாவிகள் இரட்டிப்பாகும். 40 பிட் என்றால் ஒரு லட்சம் கோடிக்குச் சற்று மேல். கணினிக்கு அது பெரிய எண்ணே அல்ல. 1995இல் டாமியன் டோலிகெஸ் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், ஆராய்ச்சி நிறுவனங்களில் சும்மா கிடந்த கணினிகளை வைத்து எட்டே நாளில் அதை உடைத்துக் காட்டினார்.

1996 கடைசியில் குறியாக்க ஏற்றுமதியைக் கவனிக்கும் பொறுப்பு வெளியுறவுத் துறையிடமிருந்து வணிகத் துறைக்கு மாறியது. நிரலும் பேச்சுதான், அரசியல் சட்டம் அதைக் காக்கும் என்று டேனியல் பெர்ன்ஸ்டீன் என்பவர் வழக்காடி, கீழமை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வென்றார். 2000இல் விதிகள் பெரிதும் தளர்ந்தன. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. வெளிநாட்டுக்காரருக்கென்று பலவீனப்படுத்திய 512 பிட் ஆர்எஸ்ஏ சாவியை எத்தனையோ சர்வர்கள் விடாமல் வைத்திருந்தன (ஆர்எஸ்ஏ வேறு வகைச் சாவி; அதில் 512 பிட்டும் சிறியதுதான்). 2015 மார்ச்சில் வெளியான 'ஃப்ரீக்' தாக்குதல், உலாவியை ஏமாற்றி அந்தப் பழைய சாவியையே ஏற்க வைத்தது. வாடகைக் கணினியில் சுமார் நூறு டாலர் செலவழித்தால் சில மணி நேரத்தில் சாவி உடைந்துவிடும். அப்படி மாட்டிய தளங்களில் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவின் தளமும் ஒன்று. அயலானுக்கென்று வெட்டிய குழி பதினைந்து வருஷம் மூடாமலே கிடந்திருக்கிறது. குற்றவாளியைப் பிடிக்க மட்டும் ஒரு தனி வழி வையுங்கள் என்று இன்றும் அரசுகள் கேட்கும்போது, இதைத்தான் அவர்களுக்கு எடுத்துக் காட்டவேண்டும்.

உங்கள் ஆப், போனிலேயே இருக்கும் எச்டிடிபிஎஸ்ஸை மட்டும் பயன்படுத்தினால் பெரும்பாலும் விலக்கு உண்டு. உள்ளதை உள்ளபடி பதில் எழுதுங்கள். ஆப்பின் அமைப்புக் கோப்பிலேயே அந்தப் பதிலைக் குறித்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் கேட்காது. கடன் கணக்கைக் காக்க நீங்களே புதிதாகக் குறியாக்கம் எழுத வேண்டாம். பலர் சோதித்துத் தேறியதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கட்டுரையாளர்