காற்றின் பாரமும் கார்த்திகைப் புயலும்

நாம் மாணவராயிருந்த காலத்தில் விஞ்ஞான ஆய்வுகூடத்துச் சுவரிலே பாரமானியொன்று தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலும் மாலையிலும் அதன் இரசமட்டத்தை வாசித்துக் கரும்பலகையில் எழுதுதல் முறைவைத்து எம்மிடம் விடப்பட்ட பணி. காலையெண் மாலையெண்ணிலும் சற்று உயர்ந்திருப்பது வழக்கம். கருவி பழுதென்று எண்ணி இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிட்டவரும் எம்முள் உளர். அக்கருவி பழுதன்று என்பதையும், அவ்வெண்கள் எதன் பொருட்டு எழுதப்பட்டன என்பதையும் காலங் கடந்தாயினும் இங்கே கூற விழைகின்றோம்.

காற்றுக்குப் பாரம் உண்டு. இதனை 1643ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி இரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாயினால் மெய்ப்பித்தார். 1648இல் பிரான்சிய அறிஞர் பஸ்கால் தம் மைத்துனரைக் கொண்டு அத்தகைய குழாயை மலையுச்சிக்கு எடுத்துச் செல்வித்தார். உச்சியில் இரசம் தாழ்ந்து நின்றது. மேலே செல்லச் செல்லத் தலைக்கு மேலுள்ள காற்றுக் குறைகின்றதன்றோ? கடல்மட்டத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ 760 மில்லிமீற்றர் இரசத்துக்கு, அஃதாவது 1,013 மில்லிபாருக்குச் சமமாகும். ஒவ்வொரு சதுர மீற்றர் நிலத்தின்மீதும் ஏறக்குறையப் 10 தொன் காற்று அழுத்திக்கொண்டிருக்கின்றது.

இக்காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன், 21 பங்கு ஒட்சிசன். நீராவி 4 பங்கைத் தாண்டுதல் அரிது. எனினும் முகில், மழை, இடி, புயல் யாவற்றுக்கும் இச்சிறு பங்கே மூலம். ஈரத்துணி உலர்ந்த துணியிலும் பாரமானது. ஆதலின் ஈரக்காற்றும் பாரமானதென்றே பலரும் கருதுவர். உண்மை இதற்கு மாறானது. நீராவி மூலக்கூற்றின் பாரம் 18, நைதரசனுடையது 28, ஒட்சிசனுடையது 32. ஆதலின் ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் ஈரக்காற்றே இலேசானது. இலேசானது மேலெழும்.

ஒரு கிராம் நீர் ஆவியாதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். மட்பானையின் நுண்டுளைகளிற் கசியும் நீர் அவ்வெப்பத்தைப் பானையிலிருந்தே கவர்கின்றமையால் உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. கவர்ந்த வெப்பம் அழிந்தொழிவதில்லை. ஆவியினுள் மறைந்திருந்து, ஆவி மீண்டும் நீராக ஒடுங்கும்போது வெளிப்படும். இதனையே மறைவெப்பம் என்பர். மேலெழும் காற்று விரிந்து, கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை செல்சியசு வீதம் குளிரும். முகிலாக ஒடுங்கத் தொடங்கியபின் மறைவெப்பம் வெளிப்படுவதனால் அக்குளிர்ச்சி பாதியளவாகும்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறி மழையைக் கொட்டுகின்றது. ஈரத்தை இழந்து கிழக்கே இறங்கும்போது அது அமுங்கி, கிலோமீற்றருக்கு 10 பாகை வீதம் வெப்பமடைகின்றது. ஏறுகையிற் குளிர்ந்ததிலும் இறங்குகையிற் சூடேறுவது மிகுதி. மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்று அஞ்சும் வறள்காற்று இதுவே. யாழ்ப்பாணத்திலோ சோளகம் மாதக்கணக்காக வீசியும் புழுதியையன்றி வேறொன்றும் தருவதில்லை. காற்றை மேலெழுப்ப இங்கு ஒரு குன்றுதானுமில்லை. கீரிமலைக்குப் பெயரில் மட்டுமே மலை. எமது கிணறுகளை நிரப்புவன ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மழைகளே. அவற்றுட் பெரும்பகுதி வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களின் கொடை. அதே தாழமுக்கங்கள் மிஞ்சினாற் புயல்.

கடல்மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகையாக அல்லது அதற்கு மேலாக இருக்குமிடத்து ஈரக்காற்றுத் திரளாக மேலெழும். மறைவெப்பம் வெளிப்பட்டு அதனை மேலும் உயர்த்தும். கீழே அமுக்கம் குறையும். அவ்விடத்தை நிரப்பப் புதிய ஈரக்காற்றுப் பாயும். வட கோளத்திற் பாய்ந்துவரும் காற்றைப் புவியின் சுழற்சி வலப்புறமாகத் திருப்புவதனால், அது மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாகச் சுழலும். மத்திய கோட்டை ஒட்டிய ஐந்து பாகைக்குள் இத்திருப்பம் மிகச் சிறிது. அங்கே புயல் தோன்றுதல் அரிது. நம் தீவோ 6ஆம் பாகைக்கும் 10ஆம் பாகைக்கும் இடையிலுள்ளது. தப்பினோம் என்று சொல்லுமளவிற்கு அது தொலைவன்று.

1964 டிசம்பர் 22ஆம் திகதி ஒரு புயல் இலங்கையின் வட பகுதியைக் கடந்து சென்று அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. புகையிரதமொன்றைப் பயணிகளோடு கடல் வாரிச்சென்றது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய புயலில் 900 பேருக்கு மேல் மாண்டனர்; தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா, காற்றின் வேகத்தால் அவற்றுக்கு ஈடானதன்று. ஆயினும் அது கொட்டிய மழையால் மலைநாட்டிலே சரிவுகள் இடிந்து நூற்றுக்கணக்கானோரை மூடின. புயலென்றாற் காற்றை மட்டும் அஞ்சுவோர்க்கு அது புதிய பாடமாயிற்று.

இனிப் பாரமானிக்கு வருவோம். நம் போன்ற வெப்ப நாடுகளில் வளியமுக்கம் நாடோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம். மாலை 4 மணியளவிலும் அதிகாலை 4 மணியளவிலும் தாழ்வு. வேறுபாடு 3 மில்லிபார் அளவே. கரும்பலகையில் நாம் திருத்திய 'பிழை' இதுவே. இவ்வேற்றவிறக்கம் தவறாது நிகழுமாயின் பெரும்பாலும் அச்சமில்லை. கார்த்திகை மாதத்தில், காலையில் ஏறவேண்டிய இரசம் ஏறாது இறங்குமாயின், வள்ளங்களைக் கரையேற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. இக்காலத்துக் கைத்தொலைபேசிகள் பலவற்றுள்ளும் நுண்ணிய அமுக்கமானி அமைந்துள்ளது. அதனைப் பார்ப்பவர் எத்துணைபேர் என்பது வேறு கதை.

புயலின் மையத்தைக் கண் என்பர். அது ஓரூரைக் கடக்கும்போது காற்று அடங்கும், மழை ஓயும், சிலவேளை விண்மீனுந் தோன்றும். புயல் போயிற்றென்று எண்ணிக் கூரை பார்க்கவும் மாடு தேடவும் வெளியே வருவோர் பலர். கிழக்கிலிருந்து வரும் புயலாயின், முன்னர் வடக்கிலிருந்து வீசிய காற்று இப்போது தெற்கிலிருந்து அதே மூர்க்கத்தோடு திரும்பிவரும். முற்பாதியில் ஒருபுறம் சாய்ந்து தளர்ந்த மரங்களும் சுவர்களும் மறுபுறம் தள்ளப்பட்டு விழும். அவ்வமைதியின் நடுவே பாரமானியைப் பார்த்தவர் வாயிலைத் திறவார். இரசம் அப்போதுதான் எல்லாவற்றிலும் தாழ்ந்த மட்டத்தில் நின்றுகொண்டிருக்கும்.