வெயிலை நீராகச் சேமிக்கலாம்

நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும்போது வெளிவரும் கரியமில வாயு பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. ஆகவே கதிரொளி, காற்று, நீர் ஆகியவற்றால் மின்சாரம் எடுக்கும் முறைக்குப் பல நாடுகள் மாறி வருகின்றன. இதில் பொறியியல் வல்லுநர்களை வாட்டும் சிக்கல், சேமிப்புதான். கதிரொளி மின்சாரம் நண்பகலில் மிகுதி. விளக்கு ஏற்றும் நேரத்தில் அது இல்லை. நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது போல மின்சாரத்தை எளிதில் கொட்டி வைக்க இயலாது. மின்கலங்களில் சேமிக்கச் செலவு அதிகம்.

இதற்கு ஒரு வழி கோவை மாவட்டம் காடம்பாறையில் உள்ளது. அங்குள்ள 400 மெகாவாட் நிலையத்தில், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையின் நீரை மலை மேலுள்ள அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவை மிகும்போது அந்நீரைக் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இத்தகைய நிலையங்களில், ஏற்றச் செலவான மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும்.

உழவர்களும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். வெயில் நேரத்தில் பம்புசெட்டை ஓட்டித் தொட்டியில் நீரை நிரப்பி, வேண்டும்போது பாய்ச்சலாம். இரவில் வயலுக்குப் போய் பாம்புக்கு அஞ்சும் நிலையும் குறையும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சூரிய பம்புக்கு மின்கட்டணம் இல்லை என்று நாள் முழுதும் இறைத்தால் கிணறு வற்றும். பம்பின் திறன் 40 சதமானால், 30 மீட்டர் ஆழத்திலிருந்து 5,000 லிட்டர் நீரை ஏற்ற சுமார் ஒரு யூனிட் ஆகும். நீர்மட்டம் 60 மீட்டருக்கு இறங்கினால் இரண்டு யூனிட் ஆகும். தகடு தரும் மின்சாரமோ கூடாது. எனவே அதே வெயிலில் பாதி நீர்தான் வரும்.

கவனிக்க வேண்டியவை:

1. தகடுகள் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். மர நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும், அதனுடன் இணைந்த மற்றவற்றின் மின்சாரமும் குறையும்.

2. தூசியை அதிகாலையில், தகடு சூடேறும் முன் நீர்விட்டுக் கழுவ வேண்டும்.

3. கிணற்றின் கோடைக்கால நீர்மட்டத்தை அளந்த பின்னரே பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. சொட்டுநீர்ப் பாசனமும் மூடாக்கும் சேர்த்துக் கொள்வது நல்லது.

மானிய விவரங்களை அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். வெயில் நாளையும் வரும். கிணற்று நீரை அளந்து எடுத்தால்தான் அதுவும் நாளைக்கு இருக்கும்.